தாய்ப்பால், பம்ப், பாட்டில்: சுங்கை சிப்புட் கடிதங்களுக்குப் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்மார்களும், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: தலைச்சன் பிள்ளை, இப்போது ஆறு வாரம். விடுப்பு முடிந்ததும் ஈப்போவில் உள்ள தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். காலை 6 மணிக்கு பஸ் ஏறினால் மாலை 4 மணிக்குத்தான் வீடு. இப்போதிருந்தே நூறு பை பாலாவது சேர்த்து வை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எவ்வளவு வேண்டும்? எப்போது தொடங்குவது? பாட்டில் எப்போது பழக்குவது?

பதில்: நூறு பை வேண்டாம், சகோதரி. அந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்துதான் பலர் முதல் மாதத்திலேயே பம்பும் கையுமாக இருந்து களைத்துப் போகிறார்கள். பிள்ளைக்குத் தேவைப்படுவதற்கு மேல் பாலை எடுத்துக்கொண்டே இருந்தால் உடம்பு அதையும் தேவை என்று எடுத்துக்கொண்டு சுரக்கும். பிறகு மார்பு கட்டிக்கொள்ளும், கட்டி விழும், காய்ச்சல் வரும்.

ஒன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். சில பிள்ளைக்கு 570 போதும், சில பிள்ளைக்கு 900 வேண்டும். மாவுப்பால் போல மாதம் ஏற ஏற இந்த அளவு பெரிதாக ஏறுவதில்லை. ஆகவே கணக்கு எளிது: தாய் வீட்டில் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி. உங்களுக்குப் பத்து மணி நேரம் என்றால் 300 முதல் 450 மில்லி. முதல் நாளுக்கு 450, சிந்தினாலோ கூடுதலாகக் கேட்டாலோ கைகொடுக்க ஒரு 200. மொத்தம் 650 மில்லி கையில் இருந்தால் தைரியமாக வேலைக்குப் போகலாம். அதன் பிறகு இன்று வேலையிடத்தில் எடுத்த பால் நாளைக்கு என்று சுற்றிக்கொண்டே போகும்.

2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. அதாவது பதினான்கு வாரம், உங்களுக்கு இன்னும் எட்டு வாரம் மீதி. சேமிப்பதற்கு, பத்தாவது வாரத்தில் பாலெடுக்கத் தொடங்கினாலே போதும். நாளுக்கு ஒரு முறை, காலையில் பிள்ளை முதல் தடவை குடித்து அரை மணி, ஒரு மணி கழித்து எடுங்கள். இரவில் பால் சுரக்கும் ஹார்மோன் கூடுதலாக இருப்பதால் காலையில்தான் நன்றாக வரும். 40, 50 மில்லி கிடைத்தாலும் இரண்டு, இரண்டரை வாரத்தில் கணக்கு நிறைந்துவிடும். ஒரு பையில் 60 முதல் 90 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். பிள்ளை ஒரு தடவைக்கு எவ்வளவு குடிக்கும் என்று தெரியாத நிலையில் 150 மில்லி பையை உருக்கினால் பாதி வீணாகும். உறையும்போது பால் விரியும், அதனால் மேலே இரண்டு விரல் இடம் விட்டு, தேதி எழுதி, படுக்கை வாட்டில் உறைய வையுங்கள். அடுக்கவும் வசதி, சீக்கிரம் உருகவும் செய்யும்.

பாட்டிலை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். முதல் மாதம் பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்விக் குடிக்கப் பழகும் காலம், அப்போது பாட்டில் வேண்டாம். ஆறு வாரத்தில் நீங்கள் தாராளமாகத் தொடங்கலாம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, வெறும் 30 மில்லி, பழக்கத்துக்காக மட்டும். மூன்றாம் மாதம் வாக்கில் பிள்ளைக்குச் சூப்புவது அனிச்சைச் செயலாக இல்லாமல் விருப்பமாக மாறிவிடும். அதற்குப் பிறகு முதன்முதலாக பாட்டிலைக் காட்டினால் பல பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, 15 முதல் 20 நிமிடம் எடுக்க வேண்டும். விடுப்பு முடியும் முன்பே சூப்பர்வைசரிடம் பேசி, பூட்டக்கூடிய ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் கேளுங்கள். முதலுதவி அறை கிடைத்தால் நல்லது. கழிவறை கூடவே கூடாது. பால் சாதாரண அறையில் 4 மணி நேரம் தாங்கும் என்று பை மேல் போட்டிருப்பது 25 டிகிரி அறைக்கு. நம் ஊர் மதியம் 30-ஐத் தாண்டும். எடுத்த கையோடு ஐஸ் பைக்குள் வையுங்கள். நன்றாக உறைந்த ஐஸ் கட்டிகள் பாலைத் தொட்டபடி இருந்தால் 24 மணி நேரம் வரை தாங்கும். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியின் பின்பக்கத்தில் வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். திறந்து மூடும் போதெல்லாம் அங்கே சூடு ஏறும். குளிர்பெட்டியில் 4 நாள், தனிக் கதவுள்ள உறைபெட்டியில் 6 மாதம்.

இன்னொன்று. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரிடம், நீங்கள் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் முழு பாட்டில் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அழுதால் 20, 30 மில்லி போதும். நீங்கள் வீடு வந்ததும் மார்பில் பசியோடு குடித்தால்தான் உங்களுக்கும் சுரப்பு குறையாமல் இருக்கும்.

கேள்வி: எலெக்ட்ரிக் பம்ப் வாங்கி மூன்று வாரமாகிறது. அரை மணி நேரம் வைத்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 30 மில்லிதான். காம்பு வலிக்கிறது. எனக்குப் பாலே இல்லையா? நாத்தனாருடைய பம்ப் பெரியது, அதை வாங்கிப் பயன்படுத்தலாமா?

பதில்: பிள்ளை குடித்து முடித்த பிறகு எடுத்தால் 15 முதல் 60 மில்லி வருவது இயல்பு. ஒரு வேளைப் பாலுக்குப் பதிலாக எடுக்கும்போதுதான் 60 முதல் 120 வரை வரும். பிள்ளை எடை ஏறுகிறது, நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறது என்றால் உங்களிடம் பால் இருக்கிறது. பிள்ளை உறிஞ்சுவதுபோல எந்த பம்பும் உறிஞ்சாது. அதனால் பாட்டிலில் தெரியும் கோட்டை வைத்து உங்கள் மார்பை எடை போடாதீர்கள்.

ஆனால் வலி இயல்பல்ல. முதலில் மார்பில் வைக்கும் புனலைப் பாருங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர். பாலெடுக்காத நேரத்தில் காம்பின் அடிப்பகுதியின் அகலத்தை, கருவட்டத்தைச் சேர்க்காமல், ஓர் அடிக்கோலால் அளந்து பாருங்கள். 17 மில்லிமீட்டர் என்றால் உங்களுக்கு வேண்டியது 18-லிருந்து 20-க்குள். பம்ப் ஓடும்போது காம்பு குழாய்க்குள் தாராளமாக முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கருவட்டம் முழுவதும் உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு பக்கச் சுவரில் உரசி வெளுத்துப்போனால் சிறிது. புனல் பெரிதாக இருந்தால் வலியும் வரும், பாலும் குறையும். தனியாகச் சிறிய வளையம் வாங்கிப் புனலுக்குள் பொருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது வால்வு. வாத்து மூக்கு மாதிரி இருக்கும் சிறிய சிலிக்கோன் துண்டு அது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வாய்ப் பிளவு இறுக மூடியிருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் இழுவை பாதியாகிவிடும், மோட்டார் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்ப்பதால்தான் அது கிழிகிறது. விரலால் கழுவுங்கள். நாளுக்கு மூன்று நான்கு தடவை பயன்படுத்துபவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வால்வை மாற்றிவிடுவது நல்லது. பம்ப் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கியவர்களில் பலருக்கு மாற்ற வேண்டியிருந்தது இந்தத் துண்டு மட்டும்தான்.

இழுவையை உச்சத்தில் வைத்தால் பால் கூடாது. வலித்தால் உடம்பு இறுகும், இறுகினால் பாலை இறக்கும் ஹார்மோன் தடைபடும். முதல் இரண்டு நிமிடம் வேகமாக, ஆனால் லேசான இழுவையில் ஓட்டுங்கள். பால் பீறிட்டதும் நிதானமான, ஆழமான இழுவைக்கு மாற்றுங்கள். கூட்டிக்கொண்டே போய் உறுத்தும் இடத்தில் ஒரு படி குறையுங்கள், அதுதான் உங்கள் அளவு. சொட்டு நின்றதும் எடுத்துவிடாமல் மறுபடி வேகமான ஓட்டத்துக்குப் போனால் இரண்டாம் தடவை இறங்கும். இடையில் கையால் மார்பை மேலிருந்து மெதுவாக வருடிக் கொடுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அரை மணி, முக்கால் மணி இழுப்பதைவிட இன்னொரு தடவை எடுப்பதே பலன் தரும். இறைத்த கிணறுதான் ஊறும்.

நாத்தனாரின் பம்பை வாங்காதீர்கள். பல வீட்டு பம்புகளில் பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவே தடுப்பு கிடையாது. குழாய் வழியாக ஈரமும் பாலும் உள்ளே போய்ப் பூஞ்சை பிடித்திருக்கும், அதைக் கழற்றிக் கழுவ முடியாது. புனலை மாற்றினால் சரியாகிவிடும் என்பது தவறு.

பால் குறைந்ததுபோல் தோன்றினால் வேறு இரண்டையும் யோசித்துப் பாருங்கள்: புதிதாகக் கர்ப்பத் தடை மாத்திரை தொடங்கினீர்களா, சளிக்கு சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை சாப்பிட்டீர்களா? இரண்டுமே சிலருக்குச் சுரப்பைக் குறைக்கும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) மிஸ்ஸியிடம் (தாதி) பால் கொடுக்கிறேன் என்று சொன்னால் மாற்று மாத்திரைக்கு வழி சொல்வார்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. சில நாள் மருந்து அடிக்கவும் அனுப்புகிறார்கள். வேலைக்காட்டில் கரண்டும் இல்லை, அறையும் இல்லை. பெரட்டுக்குப் (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போனால் மதியம்தான் வீடு. அதற்குள் மார்பு கல்லாகிவிடுகிறது.

பதில்: உங்களுக்கு பம்ப் தேவையில்லை, கையே போதும். வேலைக்காட்டில் எடுக்கும் பாலைச் சேமிக்கவும் வேண்டாம். கைகளில் உரம், மருந்து இருக்கும் இடம் அது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மேல்சட்டையை மாற்றிக்கொண்டு, கட்டு இளகும் அளவுக்கு மட்டும் எடுத்துக் கீழே விட்டுவிடுங்கள். சுரப்பு குறையாமல் இருக்க அதுவே போதும். சேமிக்கும் பாலை விடியற்காலையில் கிளம்பும் முன் வீட்டில் எடுங்கள்.

எடுக்கும் முறை இது. பெருவிரலை மார்பின் மேல்பக்கமும் மற்ற விரல்களைக் கீழ்ப்பக்கமும் வைத்து ஆங்கில எழுத்து ‘சி’ போல் பிடியுங்கள். விரல்கள் காம்பிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் பின்னால் இருக்க வேண்டும். முதலில் நெஞ்செலும்புப் பக்கமாக நேரே உள்ளே அழுத்துங்கள். பிறகு இரண்டு பக்க விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, விடுங்கள். அழுத்து, விடு, அழுத்து, விடு என்று ஒரே தாளத்தில் போக வேண்டும். விரல் தோல்மேல் வழுக்கக் கூடாது, வழுக்கினால் தோல் எரியும். காம்பைப் பிடித்து இழுப்பதுதான் பலரும் செய்கிற பிழை. பால் காம்பில் இல்லை, அதன் பின்னால் இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் வெறும் சொட்டுதான் வரும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நான்கைந்து நிமிடத்தில் மறுபக்கத்துக்கு மாறுங்கள், இப்படி இரண்டு சுற்று. விரல்களைக் கடிகார முள்போல நகர்த்தி எல்லாப் பக்கமும் எடுங்கள். வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணத்தை 5 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து அதில் பிடியுங்கள்.

மருந்து அடிக்கும் வேலை வேறு விஷயம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது, ஆனால் தெளிக்கிற மற்ற மருந்துகளும் பால் கொடுக்கும் தாய்க்கு நல்லதல்ல. கிராணியிடமும் (தோட்ட எழுத்தர்) தண்டலிடமும் (வேலை மேற்பார்வையாளர்) வேறு வேலை தரும்படி கேளுங்கள், தேவையானால் கிளினிக்கில் கடிதம் வாங்கிக் கொடுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. எந்த வேலையாக இருந்தாலும் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

கேள்வி: என் பேத்திக்கு மூன்று மாதம். மகள் வேலைக்குப் போகிறாள். பாட்டிலை வாயில் வைத்தாலே வீறிட்டு அழுகிறாள். நிப்பிள் ஓட்டையை ஊசியால் பெரிதாக்கு என்கிறார்கள், தேன் தடவு என்கிறார்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறாளே என்று வயிறு எரிகிறது.

பதில்: அம்மா, தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள கிருமி வித்து குடலில் வளர்ந்து, பிள்ளையின் தசைகளைத் தளரச் செய்து மூச்சையே பாதிக்கும் நோய் வரலாம். ஒரு துளியும் கூடாது. நிப்பிள் ஓட்டையையும் பெரிதாக்காதீர்கள். பிள்ளை அழுவது பால் வராததால் அல்ல. ஓட்டை பெரிதானால் விழுங்கும் வேகத்தை மீறிப் பால் கொட்டும், புரையேறும், அதற்குப் பிறகு பாட்டிலைக் கண்டாலே பயப்படும். இன்னொரு தொல்லை, கொட்டுகிற பாலுக்குப் பழகிய பிள்ளை, சாயங்காலம் அம்மா மார்பில் உழைத்துக் குடிக்க மறுக்கும். எத்தனை மாதமானாலும் தாய்ப்பால் பிள்ளைக்கு மிக மெதுவாக வரும் நிப்பிளே போதும்.

இப்படிச் செய்து பாருங்கள். மகள் வீட்டில் இருக்கும்போது பழக்காதீர்கள். அம்மா வாசனை வந்தால் பிள்ளை பாட்டிலைத் தொடாது. பசி முற்றி அழும்போதும் வேண்டாம். தூங்கி எழுந்த கையோடு, அரைத்தூக்கத்தில் இருக்கும்போது தொடங்குங்கள். நிப்பிளை வெந்நீரில் காட்டி வெதுவெதுப்பாக்குங்கள். பிள்ளையை மல்லாத்தாமல், கிட்டத்தட்ட உட்கார்ந்த வாட்டில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நிப்பிளால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். வாயை அகலத் திறந்து அவளே இழுத்துக்கொள்ள வேண்டும், நீங்கள் திணிக்கக் கூடாது. பாட்டில் தரைக்குச் சமமாகப் படுத்த வாட்டில் இருக்கட்டும், நிப்பிளில் பாதியளவு பால் இருந்தாலே போதும். இருபது முப்பது விநாடி சூப்பியதும் பாட்டிலைச் சாய்த்துப் பாலை நிறுத்தி, மூச்சுவிட விடுங்கள். பாதியில் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றுங்கள், மார்பிலும் அப்படித்தானே குடிக்கிறாள். ஒரு வேளைக்கு 15, 20 நிமிடம் ஆகட்டும். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். மீதி 20 மில்லியை எப்படியாவது ஊட்டி முடிக்க நினைக்காதீர்கள். பத்து நிமிடம் முயன்றும் அழுகிறாள் என்றால் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேடிக்கை காட்டிவிட்டு, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள்.

பாட்டில் ஒத்துவராவிட்டால் நம் வீட்டிலேயே பதில் இருக்கிறது: சங்கு. வெள்ளியோ எவர்சில்வரோ, 5 நிமிடம் கொதிக்கவைத்து எடுங்கள். நிப்பிளைவிடச் சங்கைச் சுத்தம் செய்வது எளிது. ஆனால் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, வாய்க்குள் ஊற்றும் பழைய முறை மட்டும் வேண்டாம், பால் நுரையீரலுக்குப் போகும். பிள்ளையை நிமிர்த்தி, கைகளைத் துணியில் சுற்றி, தலையைத் தாங்கிப் பிடியுங்கள். சங்கின் மூக்கு கீழுதட்டின் ஓரத்தில் லேசாகப் படட்டும். பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்து நிறுத்துங்கள். பிள்ளை நாக்கை நீட்டி நக்கும், உறிஞ்சும். விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த மிடறு. தூங்கும் பிள்ளைக்கும் அழும் பிள்ளைக்கும் சங்கில் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் சிந்தத்தான் செய்யும், கழுத்துக்குக் கீழே துணி வைத்து எவ்வளவு சிந்தியது என்றும் கவனியுங்கள்.

பகலில் 100, 150 மில்லியோடு நிறுத்திக்கொண்டு இரவெல்லாம் அம்மாவிடம் குடித்து ஈடு செய்யும் பிள்ளைகள் உண்டு. மகளுக்குத் தூக்கம் கெடும், ஆனால் பேத்தி பட்டினி இல்லை. சிறுநீர் ஆறு தடவைக்குக் குறைந்தாலோ, சோர்ந்து துவண்டாலோ, எடை நின்றுவிட்டாலோ உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: உறைபெட்டியில் வைத்த பாலை உருக்கினால் சோப்பு வாடை அடிக்கிறது. பிள்ளை குடிக்க மாட்டேன் என்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தாய்ப்பாலில் கொழுப்பைச் செரிக்க வைக்கும் லைபேஸ் என்ற நொதி இருக்கிறது. சிலருக்கு அது கூடுதலாக வேலை செய்து, குளிரில் வைத்த பிறகும் கொழுப்பை உடைத்துக்கொண்டே இருக்கும். வாடை அதனால்தான். குடித்தால் கெடுதல் இல்லை, சில பிள்ளைகள் கண்டுகொள்வதும் இல்லை. தயிர்போலப் புளித்த வாடை, திரிதிரியாகத் திரிந்த பால் என்றால் மட்டும் கொட்டிவிடுங்கள். மேலே மஞ்சளாக ஆடை பிரிந்து நிற்பது இயல்பு, சுழற்றினால் கலந்துவிடும்.

குடிக்க மறுத்தால் புதுப் பாலோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள். இனி எடுப்பதை உறைய வைக்கும் முன், சிறிய பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் சிறு குமிழிகள் எழும்பும் வரை மட்டும் சூடாக்கி, பொங்க விடாமல் இறக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து ஆற்றி உறைய வையுங்கள். எடுத்த சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். வாடை வந்த பிறகு சூடாக்கினால் பலன் இல்லை. சூட்டில் சத்து கொஞ்சம் குறையும், ஆகையால் தேவைப்படுபவர்கள் மட்டும் செய்யுங்கள். நிறையச் சேர்க்கும் முன் ஒரே ஒரு பையை ஒரு வாரம் உறைய வைத்து முகர்ந்து பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

கேள்வி: புயல் மழையில் கரண்ட் போனால் உறைந்த பால் என்ன ஆகும்?

பதில்: கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த உறைபெட்டி சுமார் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். பாலுக்குள் ஐஸ் துகள் இன்னும் தெரிந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுக்க உருகி, இன்னும் சில்லென்று இருந்தால் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், திரும்ப உறைய வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரு பக்கம் சிவந்து, கட்டி விழுந்து, காய்ச்சலும் வந்துவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து நன்றாகப் பிசைந்து பாலை எல்லாம் எடுத்துவிடு என்கிறார் மாமியார். மல்லிகைப் பூவும் கட்டச் சொல்கிறார்.

பதில்: அழுத்திப் பிசையாதீர்கள். உள்ளே ஏற்கெனவே வீங்கியிருக்கிறது, பிசைந்தால் வீக்கம் கூடும். அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று பம்பை மேலும் மேலும் வைப்பதும் சுரப்பைக் கூட்டி அதே தொல்லையைத் திரும்பக் கொண்டுவரும். வழக்கம்போலப் பிள்ளைக்குக் கொடுங்கள், அந்தப் பக்கத்திலும் கொடுக்கலாம், பால் கெடுதல் இல்லை. பால் கொடுத்த பிறகு துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் 10 நிமிடம், வலிக்குப் பாராசெட்டமோல். காய்ச்சல் 24 மணி நேரத்தில் விடாவிட்டாலோ, உடம்பு நடுங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மல்லிகை வேண்டாம். அது பாலை வற்றவைக்க நம் பாட்டிமார் கட்டியது. வேலூர் மருத்துவர்கள் 1988-ல் வெளியிட்ட ஆய்விலும் மார்பில் கட்டிய மல்லிகை சுரப்பைக் குறைத்தது தெரிந்தது. தொடர்ந்து பால் கொடுக்க நினைப்பவர் அதைக் கட்டக் கூடாது.

கேள்வி: இரவில் நான்தான் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன். மைக்ரோவேவில் 20 விநாடி வைத்தால் போதாதா? மீதிப் பாலை அடுத்த வேளைக்கு வைக்கலாமா? (ஒரு தந்தை)

பதில்: மைக்ரோவேவ் வேண்டாம். பாட்டில் வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் நாக்கைச் சுடும் அளவுக்குச் சூடு நிற்கும். ஒரு மங்கில் வெந்நீர் ஊற்றி, அதில் பாட்டிலைச் சில நிமிடம் வைத்து, சுழற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால் சரி. பிள்ளை வாய் வைத்த பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அதற்கு மேல் கொட்டிவிடுங்கள். பாட்டிலை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு சோப்பும் சூடான நீரும் போட்டுக் கழுவுங்கள். முதலிலேயே வெந்நீர் ஊற்றினால் பால் புரதம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். சிங்கில் போடாமல் இதற்கென்று தனியாக ஒரு பேசின் வைத்துக்கொள்ளுங்கள். துணியால் துடைக்காமல், கவிழ்த்து வைத்துக் காற்றில் உலர விடுங்கள்.